மலைக்காவலனின் முகம்

ஷாமினி வரைந்த அரக்கர்களிலேயே மலைக்காவலனுக்குத்தான் பேர் அதிகம். லண்டனில் ஒரு பதிப்பகம் வெளியிடும் மாயக்கதை வரிசைக்கு ஏழு வருடமாக மலேசியாவில், ஈப்போவில் இருந்தபடியே அவள் அட்டைப்படம் போடுகிறாள். பறக்கும் நாகம், மூன்று கண் குதிரை, பேசும் மரம் என்று எத்தனையோ வந்து போயின. வாசகர்கள் கடிதம் எழுதிக் கேட்பதெல்லாம், வெள்ளத்தில் இடுப்பளவு நின்றுகொண்டு தோளில் பிள்ளைகளைச் சுமக்கும் அந்த அரக்கனைத்தான். சப்பை மூக்கு, ஒன்று ஏறி ஒன்று இறங்கிய புருவங்கள், இடக் காதில் சின்னதாக ஒரு வெட்டு. கதையில் அவன் ஆற்றங்கரையில் காவல் நிற்பதோடு சரி. பிள்ளைகளைத் தோளில் ஏற்றிவிட்டது ஷாமினி.

இந்த வருடம் அவள் படங்களையெல்லாம் ஒரே புத்தகமாகப் போடப் போவதாகப் பதிப்பகம் சொன்னது. இந்த உருவங்கள் எங்கிருந்து வந்தன என்று முன்னால் இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். அதே சமயம் பழைய டவுனில் மாடிக்கடை ஒன்றை ஓவியக்கூடமாக மாற்றியிருந்த ரூபனும் அவள் படங்களை மாட்டி, அரைமணி நேரம் பேசச் சொல்லிக் கேட்டான். இரண்டுக்கும் ஒன்றே போதும் என்று ஷாமினி உட்கார்ந்து எழுதினாள். பனிதேசத்து எண்ணெய் ஓவியங்கள், ஜப்பானிய மர அச்சுகள், ஐரோப்பியக் கோயில் கூரைகளில் வாய் பிளந்திருக்கும் கல் பூதங்கள் என்று கட்டுரை நன்றாகவே வளர்ந்தது. அத்தனையையும் அவள் புத்தகத்திலும் போனிலும் பார்த்ததோடு சரி.

அவள் புருஷன் கனகராஜ் படித்துவிட்டு, “ஒனக்கும் பனிக்கும் என்னா சம்பந்தம் லா? கேமரன்மலைக்குப் போனாலே மூணு சுவெட்டர் கேக்குற ஆளு நீ,” என்றான். படித்தவர்கள் இப்படித்தான் எழுதுவார்கள் என்று அவன் வாயை அடைத்துவிட்டாள்.

சனிக்கிழமை சாயங்காலம் போட்ட நாற்காலியெல்லாம் நிரம்பிவிட்டது. ஷாமினி தாளைப் பார்த்துப் பார்த்து வாசித்து மலைக்காவலனிடம் வந்தாள். இந்த முகம் பனிதேசத்துப் பழைய ஓவியங்களின் பாதிப்பு என்று அவள் சொன்னபோது, பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஒவ்வொரு தலையாகத் திரும்பியது.

மாடிப்படியை ஒட்டி மலைக்காவலனைப் பெரிதாக மாட்டியிருந்தார்கள். அதன் அடியில் ஒரு பெரியவர் படி ஏறி வந்த இளைப்போடு நின்றுகொண்டு படத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அதே சப்பை மூக்கு. அதே புருவம். இடக் காதில் அதே வெட்டு.

ஷாமினிக்கு ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. சின்னையா மாமா. அவள் பிறந்து வளர்ந்தது கோப்பெங் பக்கம் ஒரு கித்தாத் தோட்டத்தில், ரப்பர் மரங்களுக்கு நடுவே. தோட்டத்துப் பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளிக்கு ஏற்றிப்போகும் பஸ்ஸை ஓட்டியவர் அவர். ஆறு வருடம் அந்த பஸ்ஸில் மூச்சைப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறாள். பிஸ்கட் மெல்லும் சத்தம் கேட்டால்கூட வண்டியை ஓரம் கட்டிவிட்டுத் திரும்பி முறைப்பார். ஆனால் படம் போட்டபோது அவரை நினைக்கவே இல்லை. எந்தச் சாமி முன்னாலும் சத்தியம் செய்வாள்.

“இது நான்தானே?” என்றார் அவர், கூட்டத்தைப் பார்த்து. “எம் மருமவ போன்ல காட்டுனா. நெசமான்னு பாத்துட்டுப் போலாம்னு காம்பார்லேருந்து பஸ் ஏறி வந்தேன்.”

தற்செயலாக அமைந்தது என்று சொல்லிவிடத்தான் நினைத்தாள். அந்த முகத்தை எதிரில் வைத்துக்கொண்டு அந்தப் பொய் வாயில் வரவில்லை. தாளை மடித்து வைத்துவிட்டு, இவரைக் கண்டு எப்படி நடுங்கினோம் என்று சொல்லத்தான் ஆரம்பித்தாள். சொல்லச் சொல்ல வேறொன்று வந்தது. அவள் இரண்டாம் வகுப்பு படித்தபோது ஒரு நாள் பேய்மழை. தோட்டத்துக்குப் போகும் பாலத்தை வெள்ளம் மூடிவிட்டது. அக்கரையில் தாய்தகப்பன்மார் கூச்சல் போடுகிறார்கள். இக்கரையில் பஸ்ஸுக்குள் பதினோரு பிள்ளைகள். சின்னையா கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, தோளுக்கு ஒன்றாக இரண்டிரண்டு பேரைத் தூக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். அழுதால் ஆற்றில் போட்டுவிடுவேன் என்று வழிநெடுகத் திட்டிக்கொண்டே போனார். அவர் காதைப் பிடித்துக்கொண்டு அவளும் கரை சேர்ந்தாள். இத்தனை வருடமாக அந்தத் திட்டு மட்டும்தான் அவளுக்கு ஞாபகம் இருந்தது. மிச்சத்தையெல்லாம் படம் போடும் கை ஞாபகம் வைத்திருக்கிறது.

சின்னையா விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். “ஆறு நடை போனேன். கடேசி நடைக்கு ஒத்தையா ஒரு பொண்ணு வந்துச்சு, செருப்பு போச்சு செருப்பு போச்சுன்னு அழுதுகிட்டு. அது நீயா?”

“நான்தான் மாமா. புதுச் செருப்பு.”

கூடமே சிரித்தது. அரக்கனாக்கிவிட்டதில் கோபமா என்று ஷாமினி மெதுவாகக் கேட்டாள். அவர் மறுபடி படத்தை உற்றுப் பார்த்தார்.

“பல்லுதான் அநியாயம் லா. எனக்கு எந்தக் காலத்துல இவ்ளோ பல்லு இருந்துச்சு?”

மறுநாளே அவள் கட்டுரையைத் திருப்பி எழுதினாள். அவரிடம் கேட்டு, அவர் புகைப்படமும் வாங்கிச் சேர்த்தாள். பனிதேசத்து ஓவியங்களை முழுக்கத் தள்ளிவிடவும் மனசு வரவில்லை. தண்ணீரில் வெளிச்சம் விழும் விதத்தை அவற்றைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டாள். அது உண்மை, அதற்கு ஒரு வரி வைத்தாள். பதிப்பகத்தார் படித்துவிட்டு, பெரியவர் படத்தை முழுப்பக்கம் போடலாமா என்று மட்டும் கேட்டு எழுதினார்கள்.

ஒரு மாதம் கழித்து சின்னையா தன் மனைவி அஞ்சலையை அழைத்துக்கொண்டு ஷாமினியின் பெர்ச்சாம் வீட்டுக்கு வந்தார். அந்த அம்மா பட்டுச்சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்திருந்தார். வந்ததிலிருந்து சுவரில் இருந்த படங்களையே ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். காப்பி குடித்து முடித்ததும் வந்த விஷயத்தைச் சொன்னார்.

“நாப்பத்தஞ்சு வருசமா இந்தாளுக்கு ஆக்கிப் போட்டவ நானு. பொஸ்தகத்துல இவரு மட்டும் இருந்தா எப்டி?”

எந்த மாதிரி வேண்டும் என்று ஷாமினி கேட்டாள். அஞ்சலை எழுந்து போய், நெருப்பு கக்கிப் பறக்கும் நாகத்தின் மேல் விரலை வைத்தார்.

“இது மாதிரி. நெருப்பு வேணாம்மா, அடுப்புகிட்ட நின்னதே போதும். றெக்கைய மட்டும் நல்லா பெருசா போடு.”

ஷாமினி ஜன்னல் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்காரவைத்தாள். ஆடாமல் அசையாமல் இருக்கணும் என்று சின்னையா அதட்டினார். அஞ்சலை முகத்தைத் திருப்பாமலேயே, அவரைக் கொஞ்ச நேரம் வெளியே போய் உட்காரச் சொன்னார்.