பாதியில் நின்ற கோடு

"ஏஞ்சாமி, நாள் ஏதாச்சும் தள்ளியிருக்குதா?" என்று மாமியார் ராமாயி கேட்டபோது, பிரவீனா பழைய அடுப்பின் கேஸ் குழாயைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"இல்லீங்கத்தை" என்றாள் நிமிராமலே.

பொய். பதினோரு நாள் தள்ளியிருந்தது.

வயிற்றில் பிள்ளை தங்கியிருக்கும் வீட்டில் சுவரில் ஆணிகூட அடிக்க மாட்டார்கள். சமையல் மேடைக் கல்லை அறுக்க விடுவார்களா? உண்மையைச் சொன்னால் புது அடுப்பு பத்து மாதமும் அட்டைப்பெட்டியிலேயே கிடக்கும். அவளும் பத்து மாதம் பலகைமேல் நிற்க வேண்டும்.

அந்தச் சமையல் மேடை அவளுக்காகக் கட்டியதல்ல. அவள் கணவன் தமிழரசுவின் முதல் மனைவி கோகிலவாணியை நிற்கவைத்து, முழங்கை மட்டம் பார்த்துக் கொத்தனார் கட்டியது. கோகிலவாணி நெட்டை. அவள் செத்து மூன்று வருடம், பிரவீனா வாழ வந்து ஒன்று. இந்த ஒரு வருடமும் பிரவீனா பலகைமேல் ஏறித்தான் பால் காய்ச்சினாள். ஏறி நின்றாலே, எப்போது இறங்குவாள் என்று பக்கத்தில் யாரோ காத்திருப்பது போலிருக்கும். கல்லுக்குள் பதிக்கிற அடுப்பு என்றால் நாலு விரற்கடை தாழும். சத்தீஸ்கரில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு கிடக்கும் தமிழரசுவைப் போனில் நச்சரித்து வாங்க வைத்திருந்தாள்.

கல் அறுக்க வந்த சென்னியப்பன் அடுப்பைத் தூக்கி ஓரமாக வைத்தார். அடியில் ஒன்றரைச் சாண் நீளத்துக்கு ஒரு கோடு. துடைக்கும்போதெல்லாம் துணி மாட்டும் கோடுதான்.

"கல்லு வெடிச்சிருக்குதுங்களா?" என்றாள் பிரவீனா.

அவர் விரலால் தடவிப் பார்த்தார். "வெடிப்பில்லீங்க அம்மணி. இது என்ற மிஷின் போட்ட கோடு." குரல் தாழ்ந்தது. "மொத வந்த மருமகப்புள்ளையும் இதே மாதிரி அடுப்புத்தானுங்க கேட்டுது. நான் அறுத்துட்டு இருக்கறப்போ, நாள் தள்ளிப்போயி குளிக்காம இருக்கறேன்னு வந்து சொல்லுச்சு. உங்கத்தை போட்ட சத்தத்துல அப்படியே நிறுத்திட்டு ஓடிட்டனுங்க."

பிரவீனாவின் கை தானாக வயிற்றுக்குப் போனது. முந்தானையைச் சரிசெய்வது போல எடுத்துக்கொண்டாள்.

"நிறுத்தினீங்கல்ல? அப்பறம்?"

"அஞ்சாம் மாசம் கரு கலைஞ்சு, ரத்தம் நிக்காமப் போயிருச்சுங்க. கல்லுல கை வெச்சதே தப்புன்னு உங்கத்தை இன்னைக்கும் சொல்லும்."

நிறுத்தியும் கோகிலவாணி போய்விட்டாள். நிறுத்திய கோட்டின்மேலா தினமும் சமைத்தேன்? இப்போது தடுத்தால் இந்தக் கோடு இப்படியே இருக்கும், பிரவீனாவுக்காகவும் காத்துக்கொண்டு.

"அந்தக் கோட்டு மேலயே வெட்டுங்க" என்றாள். "பாதியில மட்டும் நிறுத்தாதீங்க."

மிஷின் அலறியது. பிரவீனாதான் சொம்பால் தண்ணீர் ஊற்றிக்கொண்டே நின்றாள். வெள்ளைச் சேறு வழிந்து பாதத்தில் விழுந்தது. பழைய கோடு முடிகிற இடத்தில் சத்தம் ஒரு கணம் மாறியது. அவள் தண்ணீரை விடாமல் ஊற்றினாள். மிஷின் தாண்டிப் போனது.

கல் துண்டைத் தூக்கியபோது ராமாயி சமையலறை வாசற்படியில் நின்றிருந்தாள்.

"பதினோரு நாளாச்சுங்கத்தை" என்றாள் பிரவீனா.

ராமாயி திட்டவில்லை. மேடையில் திறந்திருந்த இருட்டையே பார்த்தாள். "எட்டிப் பாக்காத சாமி, இந்தப் பக்கம் வா" என்று மட்டும் சொன்னாள்.

அடுப்புப் பதிந்தது. பிரவீனா வெறுந்தரையில் நின்றாள். முழங்கை சரியான மட்டத்தில் இருந்தது.

அறுத்த துண்டைப் பின்கட்டில் தண்ணீர்த் தொட்டியோரம் சாய்த்துவிட்டுச் சென்னியப்பன் போனார். அதன் ஒரு விளிம்பில், பழைய கோடு போன ஒன்றரைச் சாணுக்கு மட்டும் எண்ணெயேறிக் கறுத்திருந்தது. மற்ற இடமெல்லாம் புது வெளுப்பு. கோகிலவாணி எங்கே நிறுத்தினாள், பிரவீனா எங்கே தொடங்கினாள் என்று பார்த்தாலே யாருக்கும் தெரியும். சாயங்காலம் ராமாயி அந்த விளிம்பைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள்.

காலையில் பிரவீனா தண்ணீர் மொள்ளப் போனாள். கறுத்த விளிம்பு வெளிப்பக்கம் பார்த்து நின்றது.

பிரவீனா அதைத் தொடவில்லை; ராமாயி சுவர்ப்பக்கம் திருப்பியதை அவளே பார்த்திருந்தாள். அதை அப்படியே விட்டுவிட்டு உள்ளே வந்து புது அடுப்பில் பாலை வைத்தாள். பன்னிரண்டாம் நாள் என்று எண்ணிக்கொண்டாள்.