ஓரம் தேய்க்காத கண்ணாடி

எனக்குக் கோபம் மூக்குநுனியில் உட்கார்ந்திருக்கும் என்பாள் அக்கா. பெட்டை மயிலின் மேல் நான் செருப்பை விட்டெறிந்ததற்கும் அதுதான் காரணம். பத்து நாளாகத் தண்ணீர் ஊற்றி வளர்த்த கீரையை அது ஒரே காலையில் மொட்டையடித்துவிட்டிருந்தது. செருப்பு அதன் மேல் படவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து அது வரவில்லை.

அந்தப் பெட்டையும் ஒரு ஆண் மயிலும் கோடையில் தண்ணீர் தேடி எங்கள் கொல்லைக்கு வந்தவை. துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் சொட்டுகிற குழாய்தான் அவற்றை இழுத்தது. அக்கா பிரசவ வார்டில் முப்பது வருடம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். யாரையாவது கவனித்துக்கொள்ளாமல் அவளால் இருக்க முடியாது. என்னைக் கவனிக்கப் போய் எங்களுக்குள் சண்டைதான் மிச்சம். ஆகவே மயில்கள் வந்தது எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. பிளாஸ்டிக் பேசினில் தண்ணீர், தட்டில் சோளம், காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை. ஆண் மயிலுக்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தாள்.

"வருது, சாப்பிடுது, தோகைய விரிச்சுக் காட்டுது, நிழல்ல போய் உக்காந்துக்குது. வேற என்னன்னு கூப்பிடறது?"

பெட்டைக்குப் பொண்ணு என்று பெயர். அந்தப் பொண்ணைத்தான் நான் விரட்டியடித்தேன்.

"மேல படலக்கா" என்றேன்.

"படணுமாக்கும்? பயந்தா போதாதா?"

அதற்கப்புறம் மூன்று நாள் அவள் என்னிடம் பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டை என் முன்னால் ணங்கென்று வைப்பதோடு சரி. மாப்பிள்ளை மட்டும் மதில் மேல் நின்று கத்திக்கொண்டிருந்தது. மயில் எதற்குக் கத்துகிறது என்று எனக்கு என்ன தெரியும்? ஒவ்வொரு கத்தலும் "எங்கே அவள்?" என்று என்னைக் கேட்பது போலவே இருந்தது. ஒரு ஜோடியைப் பிரித்துவிட்டோமே என்று மனசு அடித்துக்கொண்டது. மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாதவன் நான். எதையாவது மாட்டி, ஒட்டி, சரிசெய்துதான் பழக்கம்.

என்னுடையது கண்ணாடிக்கடை. அலமாரிக் கதவுக்கு வெட்டிய ஆளுயரக் கண்ணாடி ஒன்று, இரண்டு விரற்கடை அளவு தப்பிப்போய்க் கடையில் சும்மா கிடந்தது. அதைக் கொண்டுவந்து கொய்யா மரத்தில் சாத்தி வைத்தேன்.

"எதுக்குடா இது?" மூன்று நாளுக்கப்புறம் அக்கா பேசிய முதல் வார்த்தை.

"தனியா இருக்குன்னுதானே கத்துது? துணைக்கு ஒண்ணு இருக்கட்டும்."

எங்கள் தொழிலில் இரண்டு விஷயம் கண்டிப்பு. வெட்டிய கண்ணாடியின் ஓரத்தைக் கல்லில் தேய்த்த பிறகுதான் கடையை விட்டு வெளியே அனுப்ப வேண்டும். சாத்தி வைத்தால் அதன் முகம் சுவரைப் பார்க்க வேண்டும். கடையில் இதை நானே எழுதி ஒட்டியிருக்கிறேன். அன்று இரண்டையும் மீறினேன். பறவைக்குத்தானே, யார் கையை வைக்கப்போகிறார்கள் என்ற அலட்சியம்.

மாப்பிள்ளை இறங்கி வந்தது. கண்ணாடி முன்னால் கழுத்தை நீட்டிப் பார்த்தது. தோகையை முழுசாக விரித்தது.

"பாத்தியா, மூஞ்சியே மலர்ந்துடுச்சு!" என்றேன். அன்று என் தட்டில் கூடுதலாக ஒரு கரண்டி சோறு விழுந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் மாலை அக்கா கவலையோடு வந்தாள்.

"அத எடுத்துடுடா. காலைலேருந்து அதோட முட்டிக்கிட்டு நிக்குது. எகிறி எகிறி உதைக்குது. சோளத்தத் தொடவே இல்ல."

"கொஞ்சுதுக்கா. ஆஸ்பத்திரியில இருந்து இருந்து உனக்கு எல்லாமே வியாதியாத் தெரியுது."

"கொஞ்சறதுக்கும் உதைக்கறதுக்கும் வித்தியாசம் தெரியாதா எனக்கு? கண்ணாடியில இன்னொரு ஆம்பளய பாக்குதுடா அது."

அவள் சொல்லும்போதே அது சரி என்று எனக்குப் புரிந்துவிட்டது. ஆளுயரக் கண்ணாடியை அவள் ஒருத்தியால் தூக்க முடியாது. நான் எழுந்து போய்த் திருப்பி வைத்திருந்தால் ஒரு நிமிஷ வேலை. ஆனால் அவள் முன்னால் தோற்க மனசு வரவில்லை. நாளைக்குக் கடை வண்டி வரும்போது எடுத்துக்கொண்டு போகிறேன் என்றேன்.

மறுநாள் அவசர வேலை என்று வண்டி வேறு பக்கம் போய்விட்டது. பதினொரு மணிக்கு யாரோ ஒருவர் வீட்டுக் குளியலறையில் ஏணி மேல் நின்றிருந்தேன். போன் அடித்தது. அக்கா "வாடா" என்று மட்டும் சொன்னாள்.

போட்டது போட்டபடி ஓடினேன். கொல்லையெல்லாம் கண்ணாடிச் சில்லு. துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் அக்கா தரையில் உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளை அவள் மடியில் கிடந்தது. உதைத்த உதையில் கண்ணாடி சரிந்து உடைந்து, ஒரு சில்லு அதன் தொடையில் ஆழமாக இறங்கியிருந்தது. துண்டை வைத்து அழுத்திப் பிடித்திருந்தாள். கால்நடை டாக்டர் போனில் உடனே கொண்டுவரச் சொல்லியிருந்தார். நான் என் ஸ்கூட்டரைத் திருப்புவதற்குள் அதன் கழுத்து தொய்ந்துவிட்டது. அக்கா மட்டும் கையை எடுக்கவே இல்லை.

"அழுத்திப் பிடிச்சா நின்னுடும்னு நெனச்சேன்டா" என்றாள்.

கொய்யா மரத்தடியிலேயே புதைத்தோம். கொல்லையை மூன்று தடவை பெருக்கினேன். அக்கா ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது கத்தி, கொஞ்சம் ஆறியிருப்பேன். பேசினைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

இருபத்தைந்து நாள் கழித்து ஒரு காலையில் அக்கா கொல்லைப்பக்கத்திலிருந்து கூப்பிட்டாள். மெதுவாகத்தான் கூப்பிட்டாள். போய்ப் பார்த்தேன். பின்கதவு இடுக்கு வழியாகப் பொண்ணு வந்துகொண்டிருந்தது. பின்னாலேயே மூன்று குஞ்சுகள்.

நான் விரட்டியதால் அது போகவில்லை. எங்கேயோ புதரில் முட்டையிட்டு அடைகாத்திருக்கிறது. மாப்பிள்ளைக்குத் துணை தேவைப்படவே இல்லை. அந்தக் கண்ணாடி தேவைப்பட்டதெல்லாம் எனக்குத்தான்.

"முப்பது வருஷம் பிரசவ வார்டுல இருந்தேன்" என்றாள் அக்கா. "எனக்கே தோணலையேடா."

அவளையும் என் தப்பில் பங்கு போட வைத்துவிட்டேனே என்று குன்றிப்போனேன். அதற்குள் ஒரு குஞ்சு கொய்யா மரத்தடிக்கு ஓடி மண்ணைக் கிளற ஆரம்பித்தது.

"அக்கா, சோளத்த அங்க போடு! இந்தப் பக்கம் விடாத!" என்று கத்திக்கொண்டே ஓடி மண்டியிட்டேன். தட்டு சத்தம் கேட்டுக் குஞ்சுகள் அவளிடம் திரும்பின. துடைப்பத்துக்கு அகப்படாத சில்லு வெறுங்கைக்கு அகப்படும். உள்ளங்கையை மண்ணில் அழுத்தி, அங்குலம் அங்குலமாகத் தடவிக்கொண்டு போனேன். நாலாவது தடவலில் சுருக்கென்றது. நகத்தளவு சில்லு.

"ரத்தம் வருது பாரு. கையக் காட்டு" என்று அக்கா பக்கத்தில் வந்து நின்றாள்.

"இரு அக்கா" என்றேன். "இன்னும் இருக்கும்."