எனக்கு எழுதாத மாத்திரை

தொண்ணூறு நாட்கள். திண்டுக்கல் டாக்டரம்மா சொன்ன கணக்கு அது. விந்தணு உருவாகி முதிர இரண்டரை மாதம் ஆகும், அதனால் மூன்று மாதம் விடாமல் சாப்பிட்டால்தான் ஏதாவது தெரியும் என்றார். வைட்டமின் சி, வைட்டமின் ஈ, துத்தநாகம் எல்லாம் ஒரே மாத்திரையில்.

"சிலருக்கு உதவுது, சிலருக்கு உதவல. உறுதியா சொல்ற அளவுக்கு ஆராய்ச்சி இன்னும் வரல" என்பதையும் மறைக்காமல் சொன்னார். அவரை எனக்குப் பிடித்துப்போனது.

மாத்திரை என் கணவர் ராஜமுருகனுக்கு. என் சோதனைகளில் குறை எதுவும் இல்லை.

பண்ணைக்காடு திரும்பும் பஸ்ஸில் அவர் ஜன்னலைப் பார்த்தபடி பேசினார். "அம்மாகிட்ட நீ சொல்லாத தாரணி. நானே சொல்றேன்."

"எப்ப?"

"மாத்திரை தீர்றதுக்குள்ள."

சரி என்றேன். நான் அதிகம் பேசுகிறவள் அல்ல. வேதியியல் படித்த மூன்று வருடமும் வருகைப் பதிவுக்கு மட்டும் வாய் திறந்தவள்.

டப்பாவை அவர் என் சேலைகளுக்கு அடியில் ஒளித்துவைத்தார். பத்தாம் நாள் துணி அடுக்க வந்த மாமியார் அதைக் கண்டெடுத்தார். சேலைக்கு அடியில் இருந்தால் அது என்னுடையதுதானே. டப்பா சமையலறைக்குப் போனது. மறுநாள் வெள்ளனே மிளகுப் பாலோடு என் முன்னால் நின்றார்.

"வாயத் தொற புள்ள. டாக்டர் குடுத்தத ஒழுங்கா முழுங்குனாத்தான வயிறு தெறக்கும்."

கணவரைப் பார்த்தேன். அவர் காயப்போட்ட காபிக் கொட்டையைக் கிளறக் களத்துக்குப் போய்விட்டார். விழுங்கினேன்.

அன்றிலிருந்து எண்பது நாட்கள் நான் விழுங்கினேன். அவர் சாப்பிட்டது பத்து. வேறு டப்பா வாங்கச் சொன்னேன்.

"மருந்துக்கடை குழந்தைவேலு சித்தப்பாவோடது. மைக் செட்டு போட்ட மாதிரி ஊருக்கே தெரிஞ்சிரும்."

"வத்தலக்குண்டுல வாங்குங்க."

"ஆகட்டும்."

வாங்கவில்லை.

தொண்ணூறாம் நாள் காலையில் அத்தை காலி டப்பாவை ஆட்டிப் பார்த்தார். "மருந்துக்கும் மசியல உன் வயிறு. முருகனுக்கு உன் முடிய நேந்திருக்கேன். கெளம்பு வெரசா."

என் முடி. என்னைக் கேட்கவில்லை.

பெருமாள்மலை வழியாக ஜீப்பில் பழனிக்கு இறங்கினோம். முன் சீட்டில் உட்கார்ந்த கணவர் ஒருமுறையும் திரும்பவில்லை. வளைவுக்கு வளைவு நான் காத்திருந்தேன். இன்றைய நாளும் அவர் கேட்ட கெடுவுக்குள்தான் இருந்தது.

முடி எடுக்கும் கூடத்தில் தரையெல்லாம் ஈரம். பிளேடு மாற்றிக்கொண்டே நல்லசாமி என்ற பெரியவர் கேட்டார், "பூமுடியா தாயி, மொட்டையா?"

பூமுடி என்றால் நுனியில் கொஞ்சம் நறுக்குவார்கள். அவ்வளவுதான்.

"மொட்டைதான்" என்றார் அத்தை. "இடுப்பு வரைக்கும் வளத்து வச்சிருக்கா பாருங்க. வளர வேண்டியது மட்டும் வளரல."

வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். பெரியவர் தண்ணீர்க் குவளையை எடுத்தார். நான் உட்காரவில்லை.

"நான் முடி குடுக்க மாட்டேங்க."

"என்னது? சாமி காரியம்டி இது. ஏலே முருகா, உன் பொண்டாட்டி பேசுறதக் கேட்டியா?"

அவர் தூணோரம் போனைத் தடவிக்கொண்டு நின்றார். அவரிடம் போனேன்.

"நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டா?"

"இங்கயா? இத்தன பேர் முன்னாடியா? வீட்டுக்குப் போயிப் பேசிக்கலாம் தாரணி."

"வீட்ல தொண்ணூறு நாள் இருந்துச்சுங்க."

"இந்த ஒரு தடவ உக்காந்திரு. முடிதான, வளந்துரும்."

அதுவரை அவருக்காகக் கொஞ்சம் இரக்கம் வைத்திருந்தேன். இன்று உட்கார்ந்தால், இன்னொரு டப்பா வாங்கி, அதையும் நானே விழுங்கி, அடுத்த வருடம் வேறொரு கோயிலில் நிற்பேன். எனக்கு அது தெளிவாகத் தெரிந்தது.

"என்ன குசுகுசுப்பு அங்க?" என்று அத்தை வந்தார். "பெத்துக் குடுக்க வக்கில்ல, ரோசம் மட்டும் கெடக்கு."

பெண்கள் இப்போது சிரிக்கவில்லை. எல்லோரும் எங்களைப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றிருந்தது.

"அத்தே, எனக்கு ஒரு குறையும் இல்லீங்க. அணு கம்மியா இருக்கறது உங்க மகனுக்கு. அந்த மாத்திரையும் அவருக்கு எழுதினதுதான்."