தண்ணீர் தெளிக்கும் மீன்

“அந்த இலையை மட்டும் விட்டுடு எல்ராய்.”

“ஏன், அதுல தங்கமா காய்ச்சிருக்கு?”

“முட்டை இருக்கு. மீன் முட்டை.”

“இமெல்டா, பிள்ளை பெத்த களைப்புல உனக்குக் கண்ணைக் கட்டுது. மீன் செடியிலயா முட்டை போடும்?”

சிரித்துக்கொண்டே கத்தியை வீசிவிட்டான். இலை தண்ணீரில் விழுந்தது.

தங்கச் சுரங்கத்துக்குக் கிளம்பும் நாளிலெல்லாம், எங்கள் ஓடைத் துறையில் சாய்ந்து நிற்கும் செடிகளைக் கழித்துவிட்டுத்தான் என் கணவன் போவான். அவன் இல்லாத மாதங்களில் என் தோணிக்குள் பாம்பு விழுந்துவிடக் கூடாதாம்.

இருபது நாள் குழந்தையை ஒரு கையில் அணைத்தபடி குனிந்து இலையை எடுத்தேன். திருப்பிக் காட்டினேன். அடிப்பக்கம் முழுக்கப் பொடிப்பொடியாகக் கண்ணாடி மணிகள்.

“கடற்கரைக்காரனுக்கு ஓடையைப் பத்தி என்ன தெரியும்? நேத்துதான் பார்த்தேன். ஜோடியா ஒட்டிக்கிட்டுத் துள்ளுச்சுங்க. இலையில ஒரு நொடி தொங்கி நாலஞ்சு முட்டை வைக்கும், விழும், மறுபடி துள்ளும். முடிஞ்சதும் அம்மாக்காரி போயிட்டா. அப்பன்தான் காவல். அதோ பாரு.”

தேநீர் நிறத் தண்ணீரில், விரல் நீளம்கூட இல்லாத ஒரு மீன் வந்தது. இலை இருந்த இடத்துக்குக் கீழே நின்று வாலைச் சுண்டியது. துளிகள் வெறும் காற்றில் சிதறின. வேர்களுக்குள் போய் ஒளிந்துகொண்டது. ஒரு நிமிடம் போனதும் திரும்பி வந்து, அதே இடத்தில் மறுபடியும் தெளித்தது.

எல்ராயின் சிரிப்பு நின்றுவிட்டது. “எத்தனை நாளைக்கு இப்படி?”

“பொரியற வரைக்கும். முட்டை காயக் கூடாதில்ல? நாளன்னைக்குக் குஞ்சு தண்ணியில விழுந்துடும்.”

ஓடைக்குள் இறங்கி, ஒரு கம்பை நட்டு, தூண்டில் நரம்பால் இலையைக் கட்டினான். உயரம் அதிகம், துளிகள் எட்டவில்லை. இரண்டு விரல் இறக்கினான். மீன் வந்தது.

“பட்டுடுச்சு!” என்று அவன் போட்ட கூச்சலில் குழந்தை வீறிட்டாள். ஈரக் கையோடு அவளை வாங்கிக்கொண்டான்.

அவன் திரும்ப நான்கு மாதமாகும். அதற்குள் உட்காரப் பழகியிருப்பாள். கிளம்புகிறவனை ‘இரு’ என்று சொன்னால் சுரங்கத்தில் மண் சரியும் என்பது எங்கள் ஓடைப் பெண்களின் பயம். மரவள்ளி ரொட்டி வைத்து அவன் பையைக் கட்டியதே நான்தான்.

பொமெரூன் ஆற்றுப் பக்கம், அவனைச் சுரங்கத்துக்கு ஏற்றிப்போக வரும் படகின் சத்தம் கேட்டது.

“ஹெக்டர் அண்ணே, எஞ்சினை நிறுத்துங்க! அலை அடிச்சா கம்பு சாஞ்சிடும்!” என்று படகுக்காரரைப் பார்த்துக் கத்தினான் எல்ராய்.

படகு ஓசையில்லாமல் மிதந்து வந்தது. ஹெக்டர் கம்பைப் பார்த்தார், இலையைப் பார்த்தார்.

“என்னடா, மீனுக்கு ஆயா வேலை பார்க்கிறியா? ஏறு, ஏறு. ஒருநாள் தப்புனா மேஸ்திரி உன் இடத்துல வேற ஆளைப் போட்டுடுவான்.”

மீன் வந்து, தெளித்துவிட்டுப் போனது. எல்ராய் குழந்தையை என்னிடம் நீட்டவில்லை.

“அண்ணே, மேஸ்திரிகிட்ட எனக்காக ஒரு வார்த்தை சொல்லி, அடுத்த வாரம் வந்து என்னை ஏத்திக்கிறீங்களா?”