ஸ்கேனரில் வந்த பெரிய ஆள்

பதினோரு மாதமாக ஒரு மணிச் சத்தத்துக்குத்தான் வாழ்ந்துகொண்டிருக்கிறேன். ஏதாவது ஒரு கிரிப்டோ காயினின் வியாபாரம் வழக்கத்தைவிட ஐந்து மடங்காகி, விலையும் சட்டென்று ஏறினால் கணினியில் ஸ்கேனர் மணி அடிக்கும். யாரோ பெரிய ஆள் வாங்குகிறான் என்று அர்த்தம். அவன் வாலைப் பிடித்துக்கொண்டு நாமும் ஏறிவிட வேண்டும். குளிக்கும்போது அடிக்கும், கண் அசந்தால் அடிக்கும். அலுத்துப்போய்விட்டது.

என் மனைவியின் தம்பியிடமும் இதே ஸ்கேனர்தான். நான்தான் என் செட்டிங்கை அப்படியே போட்டுக் கொடுத்தேன்.

அன்று காலை, கேள்விப்படாத ஒரு காயினுக்கு அடித்தது. வாங்கினேன். பத்து நிமிடத்தில் மறுபடி அடித்தது, மறுபடி வாங்கினேன். மூன்றாவது மணியோடு என் பணம் தீர்ந்தது. பக்கத்து அறையில் மனைவி தையல் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தாள். வெளியே ஒரு கடை பிடிக்க அவள் தைத்துத் தைத்துச் சேர்த்தது என் கணக்கில்தான் இருந்தது. திங்கட்கிழமை அட்வான்ஸ் கொடுக்க வேண்டும். சாயங்காலத்துக்குள் எடுத்து வைத்துவிடலாம் என்று, நாலாவது மணிக்கு அதையும் போட்டேன்.

விலை நாற்பது சதவீதம் ஏறியிருந்தது. போதுமடா சாமி என்று விற்கப் போட்டேன். வாங்க ஒரு ஈ காக்கை இல்லை. விலையைக் குறைத்தேன். அப்போதும் இல்லை.

மச்சினன் போனில் வந்தான்.

"மாமா, உங்களுக்கும் அடிச்சுதா? நாலு தடவ வாங்கிட்டேன்! யாரோ பெரிய ஆளு உள்ள எறங்கியிருக்கான்!"

வியாபாரப் பட்டியலைத் திறந்து பார்த்தேன். காலையிலிருந்து மொத்தமே ஒன்பது தடவைதான் வாங்கியிருந்தார்கள். முதலாவது யாரோ; மீதியில் நாலு என்னுடையது, நாலு அவனுடையது. ஆலையில்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. யாரும் சீண்டாத காயினில் அவன் வாங்கியதற்கு எனக்கு மணி அடித்திருக்கிறது, நான் வாங்கியதற்கு அவனுக்கு. எங்களிடம் விற்றவர்கள் எப்போதோ நடையைக் கட்டிவிட்டார்கள்.

அவன் இன்னும் ஒரு தடவை வாங்கினால் என் பணம் வெளியே வந்துவிடும். "அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டேன். நான் அவ்வளவு நல்லவன் இல்லை என்று அப்போது தெரிந்தது. வெட்கமாக இருந்தது, ஆனாலும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் மெஷின் நின்றது. மனைவி போனும் கையுமாக வந்தாள்.

"தம்பி பேசினான். கடைக்கு வச்சிருக்கற பணத்த ரெண்டு நாளைக்குக் கேக்கறான். பெரிய ஆளு யாரோ வாங்கறானாம். அனுப்பிடுங்க. பாவம், அவனும் நல்லா இருக்கட்டும்."

"வேண்டாம்."

"ஏன்?"

"அந்தப் பெரிய ஆளு நான்தான்."

சிரிக்கப் போனவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"எந்தப் பணத்துல?"

கழுத்தில் தொங்கிய இஞ்ச் டேப்பை எடுத்து மெதுவாகச் சுருட்டினாள். பிறகு தம்பியைக் கூப்பிட்டாள்.

"டேய், வாங்காத. வாங்கறது உங்க மாமா மட்டுந்தான்."

போனை வைத்துவிட்டுத் தைக்கப் போனாள். அதற்கப்புறம் அந்தக் காயினுக்கு மணி அடிக்கவே இல்லை.