சாந்தினிக்குப் பூ கேட்டது

பயிற்சி நிலையத்தின் கணினி சாந்தினியைக் கைகழுவிவிட்டது. வெளிநாட்டில் பல் மருத்துவம் படித்தவள் இங்கே ஒரு பல்லைத் தொடவேண்டுமானாலும் லைசன்ஸ் பரீட்சையில் தேறியாக வேண்டும். இரண்டு முறை எழுதிக் கோட்டை விட்டாயிற்று. மாதிரித் தேர்வு மதிப்பெண்களையெல்லாம் கணக்குப் போட்டு, இந்த முறை தேறும் வாய்ப்பு நூற்றுக்கு இருபத்தெட்டு என்று கைப்பேசிக்கு அனுப்பியிருந்தார்கள். எழுதுகிறாளா, விலகுகிறாளா? இன்று மாலைக்குள் பதில் வேண்டுமாம்.

விலகிவிடத்தான் ஆசை. புத்தகத்தைத் தொட்டாலே உடம்பு படுக்கையைத் தேடியது. அதை அம்மாவிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை.

தேயிலை ஃபேக்டரியிலிருந்து வந்த பாஞ்சாலை, மகள் சொன்ன இருபத்தெட்டுக் கணக்கை மட்டும் கேட்டுச் சிடுசிடுத்தாள். "கம்ப்யூட்டருக்கு என்னா தெரியும்லா? மாரியாத்தாகிட்ட பூ கேட்டுருவோம். வெள்ள வந்தா எழுது. செவப்பு வந்தா விட்ரு."

எஸ்டேட் கோயிலில் அந்நேரம் பூசாரி இல்லை. அம்மா விளக்கேற்றப் போனதும் சாந்தினியே வாழையிலைத் துண்டுகளில் பூவை மடித்தாள். ஒன்றில் சிவப்பு ரோஜா. இன்னொன்றிலும் சிவப்பு ரோஜாதான். திரிங்காப் ஊர்ச் சந்தையில் வாங்கிய வெள்ளைச் சாமந்தியைக் கைப்பைக்குள் திணித்தாள். சாமி குத்தம் என்று தெரியும். ஆனால் ஆத்தா சொன்னால் அம்மா தாங்கிக்கொள்வாள், மகள் சொன்னால் தாங்கமாட்டாள்.

பாஞ்சாலை கண்ணை மூடி வெகுநேரம் நின்றாள். பிறகு ஒரு பொட்டலத்தை எடுத்து, முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு பிரித்தாள். அவள் தோள் தளர்ந்து இறங்கியது. அப்பாடா என்றிருந்தது சாந்தினிக்கு.

"வெள்ள," என்றாள் பாஞ்சாலை. பூ அவள் கைக்குள் கசங்கிக்கொண்டிருந்தது. "ஆத்தா சொல்லிட்டா. எழுது."

"எங்க, காட்டும்மா."

"சாமி கொடுத்தத சோதிச்சுப் பாப்பியா?" பூவைக் குளிர்ச்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, தட்டிலிருந்த மற்ற பொட்டலத்தையும் அவசரமாக எடுத்துக்கொண்டாள். "இத பிரிக்க வேணாம்."

அந்தப் பொட்டலத்தில் இருப்பது வெள்ளை என்று நினைத்து அம்மா பயப்படுகிறாள். பொய் என்று சொல்லச் சாந்தினி வாயெடுத்தாள். உனக்கு எப்படித் தெரியும் என்று அம்மா கேட்டால்?

அம்மா சந்நிதிக்குத் திரும்பி, இரண்டு கன்னத்திலும் மாறி மாறிப் போட்டுக்கொண்டிருந்தாள், நிறுத்தாமல். பார்க்கப் பார்க்கச் சாந்தினிக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. களைப்பு அப்படியேதான் இருந்தது.

கைப்பேசியை எடுத்து, 'எழுதுகிறேன்' என்று அனுப்பினாள்.