நிழலில் வளர்ந்த திட்டு

1

இந்தக் கதை படகுத்துறை பெஞ்சில், என் முதுகுக்குப் பின்னால் கிடைத்தது. எனக்குக் கதைகள் முகமாக வருவதில்லை, பேச்சாகத்தான் வரும். அன்று வந்தவை இரண்டு பெண் குரல்கள்.

"நான் இப்ப டூட்டில இருக்கேன், அண்ணி."

"டூட்டில இருந்தா அண்ணின்னு கூப்பிடாதே."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் கழுத்தும் வலிக்கும், கதையும் கெட்டுவிடும். படகு வந்தது, குரல்கள் ஏறிப் போயின. மிச்சம் என் கைச்சரக்கு.

2

முதல் தொடக்கம்: "விடியற்காலைக் கடல் ஒரு பெரிய..." (வேண்டாம். கடலை வர்ணிக்க உட்கார்ந்தால் அண்ணி வேலைக்குக் கிளம்பவே மாட்டாள்.)

இரண்டாவது: அண்ணி சிப்பி எடுப்பவள். தண்ணீர் வற்றும்போது கழிமுகத்தில் தலைகாட்டும் சிப்பித் திட்டுகளில் இடுப்பளவு நீரில் நின்று, கையாலேயே பெயர்த்துப் படகில் போடுவாள். அவள் புருஷனின் தங்கை மீன்வளத்துறை அலுவலர். அந்தத் திட்டுகள் கரைந்து போகாமல் காப்பது அவள் வேலை. இருவருக்கும் ஒரே வீடு, ஒரே அடுக்களை.

இது போதும். இதிலேயே சண்டை இருக்கிறது.

சட்டம் எளியது. உள்ளங்கையைவிடச் சின்னச் சிப்பி கையோடு வந்துவிட்டால், எடுத்த இடத்திலேயே திரும்பப் போட வேண்டும். காலி ஓடுகளையும் அப்படியே.*

* ஓடு எதற்கு என்பவர்களுக்கு: சிப்பிக் குஞ்சு ஒட்டிக்கொள்ளக் கெட்டியான இடம் தேடும். பழைய ஓடு கிடைத்தால் வீட்டோடு மாப்பிள்ளை மாதிரிதான், பிறகு நகராது.

3

அண்ணி சட்டத்துக்குப் பயந்தவள். ஆனால் வெயிலில் நின்று பிரிக்க மாட்டாள். எடுத்ததை அப்படியே படகில் ஏற்றி, பழைய பாலத்தின் நிழலுக்குப் போய், உட்கார்ந்து நிதானமாகப் பிரிப்பாள். சின்னதும் ஓடும் அங்கேயே தண்ணீருக்குள் போகும். வருஷக்கணக்காக இப்படி.

(இவளைச் சோம்பேறி என்று எழுதிப் பார்த்தேன். "வெயில்ல நின்னு பாத்துட்டு எழுதுங்கம்மா" என்றாள். அடித்துவிட்டேன்.)

பழைய திட்டுகள் தேறட்டும் என்று இந்தப் பருவம் யாரும் அங்கே சிப்பி எடுக்கக் கூடாதென்று மூடினார்கள். ஊரே முணுமுணுத்தது. அண்ணி மட்டும் வாயே திறக்கவில்லை. நாத்தனாருக்கு அதுதான் உறுத்தியது. வாய் திறக்காத அண்ணியை அவள் அதுவரை பார்த்ததில்லை. பாலத்தடிக்குப் படகை விட்டாள். வரைபடத்தில் வெறும் சேறு என்று போட்டிருந்த இடத்தில் படகின் அடி தட்டி நின்றது. பக்கத்தில் அண்ணி, இடுப்பளவு நீரில்.

"இங்க சேறுதானே அண்ணி இருந்துச்சு?"

"இருந்துச்சு."

"அப்ப இது எங்கேருந்து வந்துச்சு?"

"உன் சட்டத்துலேருந்து. திரும்பப் போடுன்னே, போட்டேன்."

"எடுத்த இடத்துல போடச் சொன்னேன்."

"அங்க நிழல் இல்லையே."

சிரிக்கலாம். ஆனால் புதுத் திட்டு இன்னும் குழந்தை. வரைபடத்தில் ஏற்றினால் இதையும் மூட வேண்டும். அண்ணிக்கு இந்தப் பருவம் இறங்க வேறு இடமில்லை. ஏற்றாவிட்டால் சட்டத்தின் கண்ணுக்கு இது சேறுதான். அடியோடு சுரண்டுகிற இரும்பு வாரியைப் போட்டு இழுக்கிற பெரிய படகை யாரும் தடுக்க முடியாது. அப்படி ஒன்று நேற்றே பாலத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனது.

அன்று வீட்டில் பாத்திரங்கள் மட்டும் பேசிக்கொண்டன.

4

முடிவு ஒன்று: அண்ணியின் புருஷன் சமாதானம் செய்கிறான். உள்ளே விட்டுப் பார்த்தேன். "ரெண்டு பேர் சொல்றதும் சரிதான்" என்றான். வெளியே அனுப்பிவிட்டேன்.

முடிவு இரண்டு: நாத்தனார் கண்டும் காணாமல் இருந்துவிடுகிறாள். இதை எழுதும்போதே அண்ணி குறுக்கே வந்தாள். "அப்புறம் இரும்புப் படகு வந்து வழிச்சிட்டுப் போகும். வளத்தவ நான், வாரறது எவனோவா?"

முடிவு மூன்று: அண்ணி மனமுவந்து எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்து, கண்கள் பனிக்க... (என் கண்ணே பனிக்கவில்லை.)

5

ஆகவே இருவரையும் ஒரே படகில் ஏற்றிவிட்டேன். நடுவில் எல்லைக் கழிகள்: திட்டை முழுக்க மூடாமல், ஒரு பகுதியை மட்டும் மூடவும் சட்டத்தில் இடமுண்டு. கழி நட்டுவிட்டால் இரும்பு வாரி பாலத்துப் பக்கமே வரக் கூடாது. கழிக்கு உள்ளே யாரும் தொடக் கூடாது. வெளியே கையால் எடுக்கலாம். எல்லை எங்கே என்பது அலுவலரின் முடிவு.

மூன்று கழிகள் நட்டாயிற்று. கடைசிக் கழியை மற்ற மூன்றிலிருந்தும் தள்ளி நட்டால் குஞ்சுகள் முழுக்க உள்ளே, அண்ணி வெறுங்கையோடு கரையில். கிட்டே நட்டால் அண்ணிக்கு ஒரு கீற்று மிஞ்சும். அந்தக் கீற்றிலும் குஞ்சுகள் உண்டு.

நாத்தனார் கழியைப் பிடித்தபடி நின்றாள்.

"நீங்களே சொல்லுங்க அண்ணி. நான் சொன்னா ஒரு மாசம் என்னோட பேச மாட்டீங்க."

"நான் சொன்னா ஒரு மாசம் நானே என்னோட பேச மாட்டேன்."

"குடு இப்படி" என்று அண்ணி கழியை வாங்கிக்கொண்டாள். நுனியால் தண்ணீருக்குள் தடவிப் பார்த்தாள். கிட்டே ஒரு தட்டு, தள்ளி ஒரு தட்டு. இரண்டு இடத்திலும் ஓடு கடகடத்தது.

இதற்கு மேல் எனக்குக் கேட்கவில்லை. காதைத் தீட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள்தான் சொல்ல வேண்டும், கிட்டேயா, தள்ளியா. யோசியுங்கள், ஆனால் ரொம்ப வேண்டாம். தண்ணீர் ஏறுகிறது, படகு நழுவுகிறது, கழியும் நல்ல கனம்.